பின்னால் ஓர் எட்டு

அந்தக் கம்ப்யூட்டர் ஆட்டத்தில் யாருக்கும் முட்டி வலிக்காது. குட்டிக்கு அதன் மேல் முதலில் வந்த கோபமே அதுதான். மாடி உயரத்திலிருந்து தொப்பென்று குதிக்கிறார்கள், தலைக்கு மேல் மிச்ச உயிரைக் காட்டும் பச்சைக்கோடு கொஞ்சம் குறைகிறது, மறுநொடியே எழுந்து ஓடுகிறார்கள். அவளோ மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். வாசல்படி ஒன்று தவறியதற்கே மாவுக்கட்டோடு வந்து உட்காருகிறவர்களுக்கு மறுபடி நடக்கச் சொல்லிக்கொடுப்பது அவள் பிழைப்பு.

"இந்த முட்டியை எந்தக் கடையில வாங்கினாங்கன்னு கேட்டுச் சொல்லு. என் பேஷண்டுங்களுக்கு ஆளுக்கு ரெண்டு மாட்டிவிடறேன்" என்று அண்ணனிடம் சொன்னாள்.

அவளை அந்த ஆட்டத்தில் இழுத்துவிட்டதே அண்ணன்தான். ஆன்லைனில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒன்றாகத் திரியும் உலகம் அது. ஆளுக்கொரு வேஷம், வாள், மந்திரம், பூதம், புதையல் என்று எல்லாம் உண்டு. அண்ணனும் தங்கையும் வாளையும் தொடவில்லை, பூதத்தையும் சீண்டவில்லை. அந்த உலகத்தின் ஒரு மூலையில் இடிந்த மணிக்கூண்டு ஒன்று இருந்தது. உள்ளே சுவருக்குச் சுவர் உத்தரங்கள். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித் தாவி மேலே போகலாம். உச்சியில் மணியும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. அதனாலேயே வேறு யாரும் அங்கே வரமாட்டார்கள், நிம்மதியாகப் பேசலாம்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் மணிக்கூண்டில் ஏறுவார்கள். அண்ணன் மனைவி, பிள்ளைகளோடு விமானம் ஏறிப் போகவேண்டிய தூரத்தில் இருந்தான். குட்டி கல்யாணம் செய்துகொள்ளாமல் அப்பாவோடு இருந்தாள். முப்பதைத் தாண்டி தலையில் ஒன்றிரண்டு வெள்ளி எட்டிப்பார்த்த பிறகும் வீட்டில் அவள் குட்டிதான். ஆட்டத்தில் அவள் பெயர் 'தவளை'. அண்ணன் இடுப்பளவு உயரமுள்ள தாடிக்காரக் குள்ளன் வேஷம் போட்டு, கூச்சமே இல்லாமல் 'நெட்டை' என்று பெயர் வைத்திருந்தான்.

அந்த உலகத்துக்கென்று தனிக் கணக்கு இருந்தது. எவ்வளவு வேகமாக ஓடிவந்து குதித்தாலும் உயரம் கூடாது, தூரம்தான் கூடும். கால் தரையை விட்டபின் மனதை மாற்றிக்கொள்ள முடியாது. கிளம்பும்போது எந்தப் பக்கம் அழுத்தினாயோ அந்தப் பக்கம்தான். மேலே போவது மெதுவாக, கீழே வருவது வேகமாக. அப்படி இருந்தால்தான் குதிக்கிறவனுக்குக் குதித்த சுகம் கிடைக்குமாம். நிஜ பூமியில் இந்தச் சலுகை இல்லை என்று குட்டி முணுமுணுத்தாள். இன்னொரு சூட்சுமமும் உண்டு. கால் பதிகிற அதே கணத்தில் மறுபடி குதித்தால், வந்த வேகம் வீணாகாமல் அடுத்த தாவலில் சேர்ந்துகொள்ளும். மணிக்கூண்டின் நடுவில் ஓர் இடத்தில் உத்தரங்கள் உடைந்து பெரிய இடைவெளி. இப்படித் தொடர்ந்து குதிக்கத் தெரிந்தவர்கள்தான் அதை நேரே கடக்கமுடியும்.

அண்ணனால் அது ஒருநாளும் முடிந்ததில்லை. படிக்கிற காலத்தில் அவன் வைத்திருந்த கீபோர்டில் முன்னால் போகும் பட்டன் அழுத்தினால் அழுத்தியபடியே சிக்கிக்கொள்ளும். ஆள் நிற்காமல் ஓடி விளிம்பிலிருந்து விழுந்து தொலைவான். அதனால் கால் பதிந்ததும் பின்னால் போகும் பட்டனை ஒரு தட்டு தட்டி நிறுத்துவது அவனுக்குப் பழக்கமாகிவிட்டது. கீபோர்டு குப்பைக்குப் போய் எத்தனையோ காலமாகியும் பழக்கம் போகவில்லை. ஒவ்வொரு தாவல் முடிந்ததும் நெட்டை பின்னால் ஓர் எட்டு வைப்பான். அதில் வேகமெல்லாம் செத்துவிடும். இடைவெளி வந்ததும் சுற்று வழியாக ஏணியில் ஏறி வருவான். மேலே காத்திருக்கும் தவளை கேலி செய்வாள். அது அவர்களுக்குள் ஓயாத வேடிக்கை.

அந்த ஒரு மணி நேரத்தைத் தவிர அண்ணனிடம் அவள் மனம்விட்டுப் பேச வழி இல்லை. போன் செய்தால் அப்பாவோடு பேசிவிட்டு வைத்துவிடுவான். வீட்டுக்கு அவள் போன் செய்தால் அண்ணி எடுத்துவிடுவாளோ என்ற பயம். அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இருவரும் வந்தார்கள், இரண்டே நாளில் பெட்டியைக் கட்டினார்கள். "அவளுக்கு லீவு இல்ல, என்ன பண்ணச் சொல்றே" என்றான் அண்ணன். அவர்கள் போய் இறங்குவதற்குள் அம்மா போய்விட்டாள். அன்றிலிருந்து குட்டிக்கு அண்ணி என்றாலே வயிறு எரியும். பேச்சுவார்த்தை அறவே கிடையாது.

ஒரு ஞாயிறு நெட்டை வந்தான், குரல் வரவில்லை. மைக் கெட்டுப்போய்விட்டது, இனிமேல் டைப் பண்ணுகிறேன் என்று எழுதினான். கீபோர்டும் புதுசாம், கை பழகவில்லையாம். அன்றைக்கும் அடுத்த சில வாரங்களும் நெட்டை பழுத்த பழமாக விழுந்துகொண்டே இருந்தான். கேட்கவேண்டுமா, தவளைக்குக் கொண்டாட்டம். ஆனால் மெல்ல மெல்லத் தேறினான். பின்னால் வைக்கும் அந்த எட்டு காணாமல் போயிற்று. புது கீபோர்டு பழைய தோஷத்தைக் கழித்துவிட்டது என்று குட்டி நினைத்துக்கொண்டாள். ஒருநாள் இடைவெளியையே நேராகத் தாண்டிவிட்டான். அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

டைப் செய்யும் அண்ணன், பேசும் அண்ணனைவிட நல்லவனாக இருந்தான் என்பதையும் சொல்லவேண்டும். வாய் திறந்தால் பாதிப் பேச்சில் "சரி சரி, அப்புறம்" என்று வெட்டுகிறவன், இப்போது அவள் எழுதுவதை முழுக்க வாங்கிக்கொண்டான். அப்பாவின் இடதுகால் பக்கவாதத்துக்குப் பிறகு எவ்வளவு தேறியிருக்கிறது, மருத்துவமனையில் யாரோடு சண்டை, ஏன் கல்யாணப் பேச்சை எடுத்தாலே எரிச்சல் வருகிறது, எல்லாம் கேட்டான். அண்ணியைப் பற்றியும் அவள் கொட்டித் தீர்த்தாள். "உன் பொண்டாட்டிக்கு மனசுல ஈரமே கிடையாது" என்று எழுதினாள். கொஞ்ச நேரம் கழித்து "ம்" என்று வந்தது.

அப்புறம்தான் அந்த வேலை வந்தது. வேறொரு ஊரில் புதிதாகக் கட்டிய மருத்துவமனை. நடை பழக்கும் பிரிவு முழுவதையும் அவள் கையில் கொடுப்பதாகச் சொன்னார்கள். இங்கே இருந்தால் கடைசிவரை இரண்டு சீனியர்களுக்குக் கீழே மூன்றாவது நாற்காலிதான். போவதென்றால் அப்பாவை அண்ணன் கொஞ்சகாலம் வைத்துக்கொள்ளவேண்டும். மணிக்கூண்டு உச்சியில் உட்கார்ந்து கேட்டாள். "கண்டிப்பா போ. அப்பாவைப் பத்திக் கவலைப்படாதே. வீட்ல பேசிட்டு அடுத்த வாரம் சொல்றேன்" என்று நெட்டை எழுதினான்.

அடுத்த வாரம் நெட்டை ஆளே சரியில்லை. தொட்டதற்கெல்லாம் விழுந்தான். பழைய எட்டுகூடத் திரும்பி வந்திருந்தது. கையில் சுளுக்கு என்றான். சூடும் ஐஸும் மாற்றி மாற்றி ஒத்தடம் கொடு என்று அவள் வைத்தியம் சொன்னாள். பாதி ஏறியதும் நின்று எழுதினான்: "போகாதே குட்டி. இந்த வயசுல இடம் மாறினா அப்பா தாங்கமாட்டார். வருஷக் கடைசியில நாங்க எல்லாரும் அங்கேயே வந்துடறோம். அப்புறம் நீ எங்க வேணா போ."

அண்ணிதான் மாட்டேன் என்றிருப்பாள் என்று குட்டிக்குப் பட்டது. ஆனாலும் அண்ணன் திரும்பி வருகிறான் என்ற ஒரு வரியில் மற்றதெல்லாம் அடிபட்டுப் போயிற்று. திரை கலங்குகிற அளவுக்கு அழுதாள். மறுநாள் புது மருத்துவமனைக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டு, பழைய மூன்றாவது நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அதற்கடுத்த ஞாயிறு நெட்டைக்குச் சுளுக்கு விட்டிருந்தது, பூனை மாதிரி ஏறினான்.

வருஷக் கடைசி நெருங்கியது. வருகிற பேச்சையே காணோம். அந்த ஞாயிறு, உத்தரங்களில் தாவிக்கொண்டே அவள் கேட்டாள்.

"டிக்கெட் போட்டாச்சா?"

"எந்த டிக்கெட்?" என்று நெட்டை எழுதினான்.

விளையாடுகிறானா, மறந்துவிட்டானா என்று அவள் யோசிப்பதற்குள் கூடத்தில் அப்பாவின் போன் அடித்தது. அப்பாவுக்குக் காது மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"அப்பா, எப்படி இருக்கீங்க? மாத்திரை போட்டீங்களா?" அண்ணனின் குரல். பின்னால் கார் ஹாரன்களும் யாரோ சிரிக்கும் சத்தமும் கேட்டன.

"போட்டேன்ப்பா. என்ன ஒரே இரைச்சலா இருக்கு?"

"ஃப்ரெண்டோட கார் பார்க்க வந்திருக்கேன். குட்டி என்ன பண்றா?"

"என்னைக் கேக்கறியே. உன்கூடத்தான் குதிச்சிட்டிருக்கா."

கூடத்தில் ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அண்ணன் சிரித்தான். "ஆமால்ல. போன்லயே விளையாடறேன்ப்பா, அதான் கவனம் இல்ல."

அதே சமயம் அவள் கண்ணெதிரே நெட்டை ஓடிவந்தான், இடைவெளியின் விளிம்பில் கால் பதித்தான், பதித்த கணமே எம்பினான், அடுத்ததில் பதித்தான், மறுபடி எம்பினான். கீபோர்டை இரண்டு கையாலும் ஆள்கிறவர்கள்தான் செய்யமுடிந்த காரியம் அது. போனில் ஒரு விரலால் தடவிக்கொண்டு, கார் பார்த்துக்கொண்டு, அப்பாவின் மாத்திரையை விசாரித்துக்கொண்டு செய்யக்கூடியதல்ல. அப்பாவோ "கெட்டிக்காரன்" என்று போனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இப்ப எங்கே இருக்கே?" என்று எழுதினாள்.

"வீட்லதான். ஏன்?"

"அண்ணன் அப்பாவோட போன்ல பேசிட்டிருக்கான். நீங்க யாரு?"

அந்த உலகத்தில் எதிராளி நிஜமாக எங்கே இருக்கிறான் என்பது நம் கம்ப்யூட்டருக்கு உடனுக்குடன் தெரியாது. சேதி வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும். அதுவரை, கடைசியாக எந்தப் பக்கம் எந்த வேகத்தில் போனானோ அப்படியே போய்க்கொண்டிருப்பதாக அது தானே ஊகித்து வரைந்து காட்டும். ஊகம் தப்பென்று தெரிந்ததும் வெடுக்கென்று பின்னால் இழுக்கும். இப்போதும் நெட்டை உத்தரத்தின் முனையைத் தாண்டி வெறும் காற்றில் நாலு எட்டு நடந்தான். பிறகு உத்தரத்தின் நடுவே அசையாமல் நின்றான். அங்கேதான் அவன் உண்மையில் நின்றிருக்கிறான், கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டு.

"நான்தான் குட்டி. அண்ணி."

குட்டி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தாள். எழுந்து எங்கே போவதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள். ஒரு வருஷமாக அவள் கொட்டியதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. ஈரமில்லாத மனசு, மூக்குமேல் கோபம், அம்மாவைக் கடைசியாகப் பார்க்கவிடாத பாவி. அத்தனையையும் நேரே அந்த ஆளின் கண்ணுக்கே எழுதி அனுப்பியிருக்கிறாள்.

"எப்பலேர்ந்து?"

"மைக் கெட்டுப்போச்சுன்னு சொன்னதுலேர்ந்து."

"நான் உங்களைப் பத்தி எழுதினதெல்லாம்?"

"படிச்சேன்."

"அதுக்கு ம்னு வேற போட்டீங்க."

"வேற என்ன போடறது? உன் அண்ணனா இருந்துக்கிட்டு எனக்காக உன்கூடச் சண்டை போடமுடியுமா?"

நெட்டை உத்தரத்தில் நின்றபடியே இருந்தான். எழுத்து மட்டும் மேலே வந்தது.

"அவருக்கு போரடிச்சுப்போச்சு. கொஞ்ச நேரம் அவகூடக் குதிச்சிட்டிரு, வெளியே போயிட்டு வந்துடறேன்னு உட்காரவெச்சார். ஒரு நாள்னுதான் நினைச்சேன். வாராவாரம் அப்படியே ஆயிடுச்சு. சொல்லியிருக்கணும். நீ நல்லா பேசினே. சொன்னா நீ வரமாட்டேன்னு பயந்துட்டேன்."

தான் அண்ணனுக்கு ஒப்புக்குச் சப்பாணியாகக்கூட இல்லை என்பது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் அதைவிடப் பெரிய கோபம் ஒன்று பின்னாலேயே வந்து அதை மூடிவிட்டது. வேலை. போகாதே என்று எழுதியது இந்த விரல்கள்தானே. அப்பா தன் தலையில் வந்து விழுந்துவிடுவாரே என்று அண்ணன் வேஷத்தில் வந்து காதில் பூச்சுற்றியிருக்கிறாள்.

"என்னை வேலைக்குப் போகவிடாம பண்ணினதும் நீங்கதானே. வருஷக் கடைசியில வர்றோம்னு புளுகினதும் நீங்கதானே" என்று எழுதினாள்.

"அது நான் இல்ல."

"வேற யாரு? பூதமா?"

"மாமா இங்கே வரட்டும், மாடி ரூமை ஒழிச்சுக் கீழே நம்ம ரூமை அவருக்குக் குடுத்துடலாம்னு நான்தான் அவர்கிட்ட சொன்னேன். அந்த ஞாயித்துக்கிழமை, எழுந்திரு, இன்னிக்கு நான் பேசிக்கறேன்னு அவரே வந்து உட்கார்ந்தார். நான் கடைக்குப் போயிட்டேன். என்ன பேசினார்னு தெரியாது. நீயே வேண்டாம்னு சொல்லிட்டதா அப்புறம் சொன்னார்."

"மாட்டிக்கிட்டதும் அண்ணன் தலையில கட்டறீங்களா? அவனுக்கு நான் வேணாம்னு வேணா இருக்கலாம். எனக்குக் குழி பறிக்கமாட்டான்."

அனுப்பிவிட்டு, ஆட்டத்தை மூடினாள். கூடத்தில் அப்பா இன்னும் அண்ணனின் கெட்டிக்காரத்தனத்தை வியந்துகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை சிகிச்சைக் கூடத்தில் கூட்டம். கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே ஒருவர், சுவர்க் கண்ணாடி முன்னால் ஒருவர், மூட்டுவலிக்கான சூடான மெழுகுத் தொட்டியில் கையை விட்டபடி ஒருவர். குட்டி வேலையில் இருந்தாள், மனம் வேலையில் இல்லை. இடது கால் முறிந்து ஓய்வில் இருக்கும் பஸ் டிரைவர் ஒருவர், தன் முறைக்காக ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். துணி மூட்டைகளை ஏற்றிய தள்ளுவண்டி கதவைத் திறந்துகொண்டு அவரைப் பார்த்து வேகமாக வந்தது. டிரைவர் பேப்பரிலிருந்து கண்ணை முழுசாக எடுக்கக்கூட இல்லை. அவர் வலது கால் மட்டும் முன்னால் போய், வெறும் தரையை ஒரு மிதி மிதித்தது.

வண்டி தானாக ஒதுங்கிப் போயிற்று. டிரைவர் அசடு வழிந்தார்.

"எங்கே உட்கார்ந்தாலும் பிரேக்கைத் தேடுதும்மா. வீட்ல சோபாவுலகூட இப்படித்தான். என் சம்சாரம் சிரிப்பா."

குட்டி அவர் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ் இல்லை, பிரேக் இல்லை, மிதி மட்டும் இருக்கிறது. மிதி பஸ்ஸுக்குச் சொந்தமில்லை, இந்த மனுஷனுக்குச் சொந்தம். அதே மாதிரிதான் அந்தப் பின்னெட்டும். அது பழைய கீபோர்டுக்கும் சொந்தமில்லை, புதுசு வந்ததால் போய்விடவும் இல்லை. ஆள் மாறியதால் போயிற்று. சிக்கும் பட்டனையே அறியாத அண்ணியின் விரலுக்கு அது வரவேண்டிய அவசியம் இல்லை, வந்ததும் இல்லை. ஒரு வருஷத்தில் ஒரே ஒரு ஞாயிறுதான் வந்தது. சுளுக்கும் இல்லை, கிளுக்கும் இல்லை. அன்றைக்கு நெட்டையாக இருந்தது அவளுடைய சொந்த அண்ணன்.

நடையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொள்கிறவள் அவள். சொந்த அண்ணன் தன் நடையோடு எதிரே வந்து நின்றபோது ஒத்தடம் கொடு என்றிருக்கிறாள்.

சாப்பாட்டு நேரத்தில், வாக்கர்களும் ஊன்றுகோல்களும் அடைத்துவைத்திருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போன் செய்தாள்.

"அண்ணா, நான் வேலைக்குப் போகட்டுமான்னு கேட்டேனே, அன்னிக்கு மணிக்கூண்டுல இருந்தது நீதானே?"

"எல்லா நாளும்தான்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். "அவ ஏதாவது சொன்னாளா?"

"நீ குதிச்சதே சொல்லிடுச்சு."

அவன் சிரிக்கப் பார்த்தான். "குட்டி, இதைப் போய்ப் பெரிசு பண்றியே. ஒரு விளையாட்டு. யார் குதிச்சா என்ன, நீ சந்தோஷமாத்தானே இருந்தே."

"நான் விளையாட்டைக் கேக்கல. வேலையைக் கேக்கறேன்."

"அப்பாவை நீ பார்த்துக்கற மாதிரி வேற யாராலயும் முடியாது. உனக்கு இதுதான் தொழிலே. இங்கே வந்தா அவருக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம். எல்லாரும் நல்லா இருக்கணும்னுதான் சொன்னேன்."

"அதை நீயா வந்து உன் குரல்ல சொல்லியிருக்கலாமே. வருஷக் கடைசியில வர்றேன்னு எதுக்குச் சொன்னே?"

"அப்படிச் சொன்னாத்தான் நீ..." அவன் முடிக்கவில்லை.

அவளே முடித்துக்கொண்டாள். அப்புறம், கேட்கவேண்டும் என்று நினைத்துக்கூட வராத ஒரு கேள்வி வாயில் வந்துவிட்டது.

"அம்மாவை விட்டுட்டு ரெண்டு நாள்ல கிளம்பினீங்களே. லீவு இல்லாதது யாருக்கு?"

அந்தப் பக்கம் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. "பழசெல்லாம் இப்ப எதுக்கு?" என்றான் அண்ணன்.

அவள் போனை வைத்துவிட்டாள். ஒரு வாக்கரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுதால் தேவலை என்றிருந்தது, அழுகை வரவில்லை. ஒரு வருஷம் அவளுக்காக உட்கார நேரமில்லாதவன். உட்கார்ந்தது ஒரே ஒரு மதியம், அதுவும் அவள் தலையில் மிளகாய் அரைக்க. முன்பின் தெரியாதவன் செய்திருந்தால் திட்டித் தீர்த்துவிடலாம். அண்ணனைத் திட்ட வார்த்தை எடுத்தால் அதில் பாதி அம்மா மேலேயும் அப்பா மேலேயும் படுகிறது.

புது மருத்துவமனைக்கும் பேசிப் பார்த்தாள். அந்த இடத்துக்கு ஆள் வந்து, பிரிவே தொடங்கியாயிற்று என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் சொல்லிக்கொடுத்தபடி இடதுகாலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"அவன் வருஷக் கடைசியில வர்றான் இல்ல? அதுக்குள்ள வாசல்வரைக்கும் தனியா நடந்து காட்டிடுவேன்" என்றார்.

"வேலை ஜாஸ்தியாம்ப்பா. தள்ளிப்போகும் போலிருக்கு" என்றாள் குட்டி. அண்ணனுக்காகத் தானும் பொய் சொல்லத் தொடங்கிவிட்டோம் என்பது, செருப்பைக் கழற்றும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஞாயிறு மதியம் அந்தப் பக்கமே போகக்கூடாது என்றுதான் இருந்தாள். பாத்திரத்தையெல்லாம் கழுவிக் கவிழ்த்தாள், காய்ந்த துணியை மடித்தாள், மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தாள். மணிக்கூண்டின் அடியில் நெட்டை ஏற்கெனவே வந்து நின்றுகொண்டிருந்தான். ஹெட்போனில் அண்ணனின் குரல் கேட்டது, தெளிவாக, பக்கத்தில் நின்று பேசுவது போல.

"குட்டி, இன்னிக்கு நிஜமாவே நான்தான். மைக் வாங்கிட்டேன் பாரு. எங்கேயும் போகல, உனக்காகத்தான் உட்கார்ந்திருக்கேன். வா, பழைய மாதிரி ஏறலாம்."

ஒரு வருஷத்துக்கு முன்னால் அந்தக் குரலுக்காக அவள் எதையும் கொடுத்திருப்பாள். இப்போது அது ஒரு சிபாரிசுக்காரன் குரல் மாதிரி காதில் விழுந்தது.

"அண்ணியைக் கூப்பிடு" என்றாள்.

"அவ எதுக்கு? அதான் நான் வந்துட்டேனே."

"உன்கூட எனக்குப் பேச ஒண்ணும் இல்ல. இத்தனை நாள் நான் பேசினது அவங்களோட."

"அவளும்தான் உன்னை ஏமாத்தினா."

"தெரியும். கூப்பிடு."

அவன் இன்னும் ஏதோ சொல்லப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து நாற்காலி நகரும் சத்தம், தூரத்தில் இரண்டு குரல்கள், பிறகு யாரோ உட்காரும் சத்தம். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்ததற்கப்புறம் குட்டி கேட்காத குரல், தயங்கித் தயங்கி வந்தது.

"சொல்லு குட்டி."

"அண்ணி" என்றாள் குட்டி.

"அவர் செஞ்சது பெரிய தப்பு. ஆனா நானும் உன்னை வருஷம் பூரா ஏமாத்தியிருக்கேன். என்னை ஏன் கூப்பிட்டே?"

குட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க ஏமாத்தறதுக்காவது வாராவாரம் வந்தீங்களே அண்ணி" என்றாள்.